விசில் ஊதாத மாலை

காட்டுக்குள் பயணி ஒருவர் வழி தவறிவிட்டால் எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு, விட்டு விட்டு விசில் ஊத ஓட்டுநரிடம் சொல்லுங்கள் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நல்ல பாடம்தான். இங்கே ரொறன்ரோவுக்கு வடக்கே மரமெல்லாம் ஒரே முகம். கொஞ்சத் தூரம் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் வந்த பக்கம் எதுவென்று தெரியாது. விசில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவர்களை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை மட்டும், விசில் கயிற்றில் கை வைத்துவிட்ட ஓட்டுநரை ஓடிப்போய்த் தடுத்தேன். தொலைந்திருந்தது ஒரு மனிதரும் அவருடைய ஏழு வயது மகளும்.

ரொறன்ரோவில் ரயில் வேலைக்கு இப்போது நம் பிள்ளைகள் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நான் சேர்ந்தபோது நான் ஒருத்திதான். பார்க்டேலில் ஓர் அறையில் நான்கு பெண்களாக இருந்த காலத்தில் ரயில் பெட்டி கழுவப் போனேன். பிறகு பரீட்சை எழுதிக் கண்டக்டரானேன். ஊரில் கார்ட் என்போமே, அந்த வேலை. வண்டியை ஓட்டுவது ஓட்டுநர். வண்டிக்கும் அதில் இருக்கிற சனத்துக்கும் பொறுப்பு கண்டக்டர். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்களில், கோடை முடிகிற நேரம், வடக்கே ஒரு சிறு பட்டினத்திலிருந்து பழைய நீராவி எஞ்சின் பூட்டிய சுற்றுலா ரயில் ஒன்று காட்டுக்குள் போய் வரும். இலை சிவக்கிற அழகைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து சனம் காரில் வந்து ஏறும். அந்த ரயிலுக்கு என்னைப் போட்டிருந்தார்கள்.

எஞ்சினை ஓட்டியவர் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. அதிகம் கதைக்காத மனிதர். என்னோடு வேலை செய்த அத்தனை வருடத்திலும் எனக்கு அவர் புத்திமதி என்று எதுவும் சொன்னதில்லை. ஆனால் எதைக் கேட்டாலும், பதில் சொல்லுமுன் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார். கேள்வியோடு அதைக் கேட்கிற ஆளையும் சேர்த்துக் கவனிப்பது எப்படி என்று அவரிடம்தான் பழகினேன்.

அன்றைக்குப் பயணிகளில் நம்மவர்கள் சிலர் இருந்தார்கள். ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம்: ரமணன், மனைவி வாசுகி, மகள் ஆரணி. வேறொரு பெட்டியில், மன்னாரைச் சேர்ந்த றீற்றா அக்காவும் அவருடைய இரண்டு மருமக்களும். ஏறுமுன் ரமணன் மேடையின் ஓரத்தில் குந்தி, தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் தமிழென்று கண்டதும் எழுந்தார்.

"அக்கா, நான் ரயில் ஓடிப் பார்க்கேல்லை. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலயிருந்து எங்கட பக்கம் ரயில் இல்லை. தண்டவாளத்தைக் கழட்டி, குண்டுக்குப் பதுங்கிற பங்கருக்கு மேல கூரையாத்தான் போட்டனாங்கள். இது இவ்வளவு வழுவழுப்பா இருக்குமெண்டு தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் எண்பதுகளில் வந்தவள். ஊரில் நடந்த போரின் கடைசிக் காலத்தை ரெலிபோனில் கேட்டவள், அவ்வளவுதான். அவர் பெட்டிக்குள் ஏறியதும் கதவுக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து மகளை உள்ளே இருத்தித் தான் வெளிப்பக்கம் இருந்தார். வெளியே இறங்குகிற வழி இரண்டையும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். போர் முடிந்ததும் சனத்தை அடைத்து வைத்த முகாம்களிலிருந்து வந்த பலர் பஸ்ஸிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று எண்ணி அப்பால் போய்விட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஓர் ஏரிக்கரையில் ரயில் நின்றது. ரோட்டு இல்லை, வீடு இல்லை, ரெலிபோன் வேலை செய்யாத இடம். சனம் இறங்கிப் படமெடுத்தது. ஆரணி எஞ்சினைக் கிட்டப் பார்க்க வேண்டுமென்று தகப்பனை இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். வாசுகி சாப்பாட்டுப் பையை எடுக்கப் பெட்டிக்குள் திரும்பினார்.

பொயிலருக்குள் நீராவி மிஞ்சினால் அதைத் தானாகவே வெளியே விடுகிற வால்வு ஒன்று எஞ்சினின் தலைக்கு மேல் இருக்கிறது. அது திறக்கிறபோது கேட்டிருக்கிறீர்களா? முதலில் ஒரு வெடி. பிறகு வானத்தைக் கிழிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். அன்றைக்கும் திறந்தது. சனம் திடுக்கிட்டது, பிறகு சிரித்தது, சிலர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ரமணன் மகளை வாரித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்தபடி, தண்டவாளத்தைத் தாண்டி மரங்களுக்குள் ஓடுவதைக் கண்டேன். தகப்பனும் மகளும் விளையாடுகிறார்கள் என்றுதான் பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். அவர் ஓடிய விதத்தைப் பார்த்த பிறகுதான் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. விளையாடுகிற மனிதர் திரும்பிப் பார்ப்பார். இவர் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பயணிகளில் நாலைந்து ஆண்கள் காட்டோரத்தில் நின்று கைகளைக் குவித்து, "ரமணன்! ரமணன்!" என்று கத்தத் தொடங்கினார்கள். ஓட்டுநர் எஞ்சினில் ஏறி விசில் கயிற்றைப் பிடித்தார். அப்போதுதான் வாசுகி ஓடி வந்து என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அக்கா, கத்த வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பேர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் உள்ளுக்கை போயிடுவார். முகாமில ஆமிக்காரர் பேர் வாசிச்சுத்தான் ஆக்களைக் கொண்டுபோனவங்கள். இவற்ற தம்பியும் அப்பிடித்தான் போனவன். திரும்பி வரேல்லை."

நான் ஓடினேன். ஓட்டுநரைப் பார்த்துக் கையை வீசி, ஊத வேண்டாம் ஊத வேண்டாம் என்று கத்தினேன். அவர் கயிற்றை விட்டார். ஆண்களையும் நிறுத்தினேன். திரும்பி வந்து வாசுகியிடம், "பயப்படாதை பிள்ளை, மகள் கூட நிக்கிறாள்தானே. அவள் அழுதால் எங்களுக்குச் சத்தம் கேக்கும், தேடிப் பிடிச்சிடலாம்" என்றேன்.

வாசுகி என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"அவளை அழ விடமாட்டார் அக்கா."

பிறகு மிகவும் மெல்லச் சொன்னார். "கடைசி நேரம். பங்கருக்குள்ள நிறையச் சனம். மேல ஆரோ நடந்து திரியினம், ஆரெண்டு தெரியாது. இவற்ற தமக்கையின்ர மகன் அழத் தொடங்கிட்டான். இவற்ற மடியிலதான் இருந்தவன். எல்லாரும் இவரைத்தான் பார்த்தவை. இவர் வாயைப் பொத்தினவர். மேல நடக்கிற சத்தம் நிக்கக் கன நேரம் எடுத்தது, அக்கா. விடிஞ்சாப் பிறகுதான் கையை எடுத்தவர்."

அந்தக் காட்டுக்குள் எங்கோ ஒரு மனிதர் மகளை மடியில் வைத்துக்கொண்டு பதுங்கியிருக்கிறார். நாங்கள் இங்கே எழுப்புகிற ஒவ்வொரு சத்தமும் அவருடைய கையை இன்னும் இறுக்கும். அதுதான் எனக்குத் தெரிந்தது. தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

எஞ்சினுக்குப் போனேன். வால்வு மறுபடி திறக்குமா என்று கேட்டேன். ஓட்டுநர் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார். "பொயிலருக்குத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கலாம். நெடுநேரம் முடியாது. இது சுவிட்சைத் தட்டினால் அணைகிற சாமான் இல்லை" என்றார்.

"அப்படியென்றால் எஞ்சினை இங்கிருந்து கொண்டுபோங்கள். பெட்டிகளை விட்டுவிட்டு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காட்டு நடுவில், பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிற பெட்டிகளை எஞ்சின் இல்லாமல் விட்டுப் போகச் சொல்கிற கண்டக்டரை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். அந்த ஆள் போரிலிருந்து வந்தவர், உங்கள் வால்வு அவருக்கு வந்து விழுகிற ஷெல் குண்டு என்று சொன்னேன்.

"இடி இடித்தால் என் அப்பா சமையலறை மேசைக்குக் கீழே போய் இருப்பார்" என்றார் ஓட்டுநர். "இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர். நாங்கள் பிள்ளைகள், அது விளையாட்டு என்று நினைத்துக் கூடப் போய் இருப்போம்." சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினார்.

ஆனால் பாதை ஒற்றைப் பாதை. எஞ்சின் தனியே முன்னால் போக வேண்டுமென்றால் கட்டுப்பாட்டு அறை அனுமதிக்க வேண்டும். ரேடியோவில் நடந்ததைச் சொன்னேன். அனுமதி கிடைத்தது. அதோடு இன்னொன்றும் வந்தது.

"பொலிஸிடம் பேசிவிட்டோம். சின்னப் பிள்ளை என்பதால் உடனே ஹெலிகொப்ரர் அனுப்புகிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே தேடிவிடலாம்."

நல்ல மனிதர்கள். தாமதமில்லாமல் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் ரேடியோவைப் பிடித்தபடி ஏரியைப் பார்த்தேன். மரங்களுக்கு மேலே தாழப் பறக்கிற ஹெலிகொப்ரர் ரமணனுக்கு என்னவாகக் கேட்கும் என்று நினைக்கவே பயமாயிருந்தது. வேண்டாமென்று சொல்வதோ அதைவிடப் பயமாயிருந்தது. காட்டுக்குள் சதுப்பு நிலம் இருக்கிறது, கரடி இருக்கிறது. வெயில் இறங்கினால் செப்ரெம்பரிலும் குளிர் எலும்பைப் பிடிக்கும். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், உதவியைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். இப்போதும் உங்களிடம் கேட்கிறேன், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

"அதைப் பட்டினத்திலேயே ஆயத்தமாக நிறுத்தி வையுங்கள்" என்றேன். "சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கும்வரை எனக்கு நேரம் தாருங்கள். அதற்குள் அவர்கள் வராவிட்டால் நானே கூப்பிடுகிறேன்."

மறுமுனையில் கேட்டார்கள்: "நீங்கள் மறுக்கிறீர்கள் என்று பதிவு செய்யவா?"

"ஓம்" என்றேன். பிறகுதான் தமிழில் சொன்னது தெரிந்து ஆங்கிலத்தில் மறுபடி சொன்னேன்.

என்னோடு வந்த இளைய கண்டக்டர் கெட்டிக்காரி. பெட்டிகளின் கைப்பிரேக்கை இறுக்கினாள், பயணிகளை உள்ளே ஏற்றினாள், சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். எஞ்சினைக் கழற்றினோம். புறப்படுமுன் விசில் ஊத வேண்டும் என்பது விதி. ஓட்டுநர் ஊதவில்லை. அத்தனை பெரிய இரும்பு, தூங்குகிற பிள்ளையின் அறையிலிருந்து வெளியேறுகிற தாய் மாதிரி, மெல்ல மெல்ல வளைவைத் தாண்டிப் போனது.

அதற்குப் பிறகு வந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. கிளை முறிகிற சத்தம்கூட இல்லை. பிள்ளையின் குரல் இல்லை. வாசுகி காட்டைப் பார்த்தபடி தன் வாயையே பொத்திக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, பங்கருக்குள்ள இருந்தபோது எப்ப வெளியில வருவியள்? வரலாமெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "சத்தம் நிண்டவுடன வரமாட்டம். சும்மா இருக்கிறதை நம்பேலாது. சனம் தண்ணிக்குச் சண்டை பிடிக்கிறது கேட்டால்தான் வருவம். வாளிக்குச் சண்டை பிடிக்கினமெண்டால் அண்டைக்கு இனி ஷெல் இல்லை."

நான் றீற்றா அக்காவின் பெட்டிக்கு ஓடினேன். அவரையும் மருமக்களையும் இறக்கிக் கொண்டுவந்து காட்டோரத்தில், ரமணன் போன இடத்துக்கு நேரே நிறுத்தினேன். விடயத்தைச் சொன்னேன். றீற்றா அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகினார். நான் ஆயத்தமாவதற்குள் தொடங்கிவிட்டார்.

"ஆரடி என்ர வாளியை எடுத்தது? காலமையிலயிருந்து வரிசையில நிக்கிறன், என்னை விசரியெண்டு நினைச்சியளோ?"

"உங்கட வாளியை ஆர் கண்டது? எங்கை வைச்சனீங்களோ அங்கை தேடுங்கோ!" என்றேன் நான்.

"உவள்தான் எடுத்தவள்! உந்தச் சிவத்த வாளி என்ர!"

"அது என்ர வாளி! அடியில பேர் போட்டிருக்கு, பாருங்கோ!" என்று மருமக்களில் ஒருத்தி கத்தினாள்.

பெட்டி யன்னல்களில் வெள்ளை முகங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பிள்ளை தொலைந்திருக்கிற நேரத்தில் இந்தப் பெண்கள் ஏன் கையை நீட்டிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று அவர்களுக்கு எப்படி விளங்கும்? நாங்கள் நிறுத்தவில்லை. தண்ணீருக்குச் சண்டை, வரிசைக்குச் சண்டை, கடன் கொடுத்த சீனிக்குச் சண்டை. பிறகு வாசுகியின் குரலும் வந்தது. மற்றவர்களுடையது நடிப்பு. அவருடையது நடிப்பில்லை.

"எனக்கு ஒரு வாளி தண்ணியாவது விடுங்கோவன்! என்ர பிள்ளைக்கு முகம் கழுவ வேணும்! என்ர பிள்ளைக்கு!"

சூரியன் மர நுனிகளைத் தொட்டது. நான் ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். இடுப்பில் இருந்த ரேடியோவின் பாரம் கூடிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று மனம் சொல்லும். கூப்பிட்டுவிடு, கூப்பிட்டுவிடு என்று மறுபடி சொல்லும். கை ரேடியோவுக்குப் போய்விட்டது. உண்மையாகச் சொல்கிறேன், இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

அப்போது வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் பின்னாலிருந்து ஏதோ எழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு மிகக் கிட்ட. சேறு பூசிய ஒரு மனிதர். அவருடைய நெஞ்சில் பிள்ளை அசையாமல் தொங்கினாள்.

சண்டை நின்றது. றீற்றா அக்காதான், தலையைத் திருப்பாமல், முன்னைவிட உரத்த குரலில், "ஏன் நிப்பாட்டிட்டியள்? என்ர வாளியைத் தாங்கோ!" என்றார். நாங்கள் மறுபடி தொடங்கினோம். ரமணன் ஓரடி வைத்தார், நின்றார், இன்னும் ஓரடி வைத்தார். கிட்ட வந்ததும் ஆரணி தலையைத் தூக்கினாள்.

வாசுகி பிள்ளையை வாங்கி முகம், கழுத்து, வாய் எல்லாம் தடவிப் பார்த்தார்.

"அம்மா, ஐ ஆம் ஓக்கே" என்றாள் ஆரணி. "அப்பா சத்தம் போடாதை எண்டவர். நான் போடேல்லை. அப்பாதான் அழப் பார்த்தவர். அதான் தன்ர வாயைப் பொத்திக்கொண்டவர்."

ரமணனின் வலது கையைப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே சதையில் பல் ஆழமாகப் பதிந்து, இரத்தம் மணிக்கட்டுவரை வழிந்து காய்ந்திருந்தது. அத்தனை நேரமும் அந்தக் கையை அவர் தன் வாய்க்குள்தான் வைத்திருந்திருக்கிறார். பிள்ளையைத் தொட்டது இடக்கை மட்டும். அது அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்ததாம்.

ஹெலிகொப்ரர் வேண்டாமென்று அறிவித்தேன். பிறகு விசாரணை வைத்தார்கள், வைக்கத்தான் வேண்டும். ஒருவர் கேட்டார்: "பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" ஆகவே இதைக் கேட்டுவிட்டு, அடுத்த தடவை விசில் ஊதாமல் இருந்துவிடாதீர்கள். அனேகமாக ஊதத்தான் வேண்டும். ஊதுமுன், தொலைந்தவரைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால், அவருடைய முகத்தை ஒரு தரம் பாருங்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அன்று ரமணன் ரயிலில் ஏறவில்லை. நாங்களும் ஏறச் சொல்லவில்லை. நீராவி எஞ்சினுக்குப் பின்னால், தீப்பொறி விழுந்து காடு பற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு, தண்டவாளத்தில் ஓடுகிற பிக்கப் வண்டி ஒன்று வருவது வழக்கம். அதை வரவழைத்தோம். ரயிலை என் இளைய தோழியிடம் ஒப்படைத்தேன். அவளும் தகுதி பெற்ற கண்டக்டர்தான். நான் அவர்களோடு பிக்கப்பில் ஏறினேன். றீற்றா அக்கா தன் போர்வையைக் கழற்றி ரமணனின் தோளில் போட்டுவிட்டுப் பெட்டிக்குப் போனார். பிக்கப் கண் மறையும்வரை எஞ்சினைத் திரும்பக் கொண்டுவர வேண்டாமென்று ஓட்டுநருக்குச் சொல்லியிருந்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் ரமணன் வாய் திறந்தார்.

"அக்கா, மற்றாக்கள் எல்லாரும் ஏறிட்டினமோ?"

"ஓம் தம்பி. எல்லாரும் ஏறிட்டினம்."

"ஒருத்தரையும் விட்டிட்டு வரேல்லைத்தானே?"

"இல்லை. நான் பார்த்துத்தான் வாறன்."

அவர் தலையாட்டினார். பக்கத்தில் ஆரணி தாயின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். அடுத்த வளைவு தாண்டியதும் அவர் அதே கேள்வியை, முதல் தடவை கேட்பது போலவே கேட்டார். நானும் முதல் தடவை போலவே பதில் சொன்னேன். ரோட்டு வரும்வரை எத்தனை தரம் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. வாசுகி ஒரு கட்டத்தில், "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவர் கேட்கட்டும் என்றேன்.

ரோட்டில் எங்களுக்காக ஒரு வான் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. வாசுகி பிள்ளையோடு இறங்கினார். ரமணன் இறங்கவில்லை. திரும்பி, நாங்கள் வந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மங்கல் வெளிச்சத்தில் மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஒருத்தரும் இல்லைத்தானே அக்கா?"

நானும் அவரோடு சேர்ந்து நன்றாகப் பார்த்தேன்.

"ஒருத்தரும் இல்லை தம்பி. எல்லாரும் வந்திட்டினம். நீங்கள்தான் கடைசி. இறங்குங்கோ."

அவர் இறங்கினார்.